பல்லில் படிந்த தண்ணீர்

என் அத்தை வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தால் முந்தானை நுனி தானாக வாய்க்குப் போய்விடும். முன்பற்களில் குறுக்காக, பட்டை பட்டையாகக் காவிக் கோடுகள். தருமபுரிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன புதிதில், "உங்க ஊர்ல பல்லே தேய்க்க மாட்டீங்களா?" என்று கேட்டார்களாம். சாம்பல், பற்பொடி, வேப்பங்குச்சி என்று போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஈறு புண்ணானதுதான் மிச்சம்.

அந்தக் கறை தேய்த்தால் போகாது. அது அழுக்கே இல்லை. இரண்டு மூன்று வயதில் ஊர் அடிபம்பில் பிடித்துக் குடித்த தண்ணீர், ஈறுக்குள் அப்போது உருவாகிக்கொண்டிருந்த பல்லில் விட்டுப்போன தடம்.

பல்லின் மேல் ஓடான எனாமல், எடையில் 96 சதவீதம் தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஹைட்ராக்சிஅபடைட் என்ற படிகமாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். அதைக் கட்டும் செல்கள் முதலில் புரதத்தால் சாரம் கட்டுகின்றன. பிறகு சாரத்தைப் பிரித்துக்கொண்டே அந்த இடத்தில் தாதுவை நிரப்புகின்றன. குழந்தை பிறந்ததிலிருந்து நான்கைந்து வயது வரை, நிலையான முன்பற்களுக்கு இந்த வேலை தாடைக்குள் நடக்கிறது. அந்த நேரத்தில், குடிநீரோடு உடலுக்குள் போகும் ஃப்ளூரைடு என்ற உப்பு ரத்தத்தில் அதிகமாக இருந்தால் புரதச் சாரம் உரிய காலத்தில் வெளியேறுவதில்லை. தாது முழுதாக நிரம்பாமல் எனாமலுக்குள் நுண்ணிய துளைகள் நின்றுவிடுகின்றன. பல் முளைக்கும்போது அவை சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரியும். நாளடைவில் துளைகளுக்குள் நிறம் ஏறிப் பழுப்பாகிறது. எனாமலைக் கட்டிய செல்கள் பல் வெளியே வரும்போதே அழிந்துபோகின்றன. பழுது பார்க்க ஆளில்லை. எலும்பு முறிந்தால் கூடும், எனாமல் கூடாது.

இதன் காரணம் தெரியவே முப்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901இல் வேலைக்குப் போன ஃபிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்கள் பழுப்பேறிக் கிடப்பதைக் கண்டார். தண்ணீர்மேல்தான் அவருக்குச் சந்தேகம். ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரில் தண்ணீர் வரும் ஊற்றையே மாற்றச் சொன்னார். மாற்றிய சில ஆண்டுகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக முளைத்தது. ஆனாலும் தண்ணீரில் இருப்பது என்ன என்பது பிடிபடவில்லை. 1931இல், அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் வேதியியலர் ஹெச். வி. சர்ச்சில், அதே கறை இருந்த பாக்சைட் என்ற ஊரின் தண்ணீரைச் சோதித்து ஃப்ளூரைடைக் கண்டுபிடித்தார். நம் பக்கத்திலும் வெகுகாலம் ஆகவில்லை. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், முதுகு விறைத்துக் குனிய முடியாமல் போன மனிதர்களைப் பற்றிய ஆய்வு 1937இல் வெளியானது. பல்லில் கோடு போடுவதோடு நிற்காமல், மிகுந்த அளவில் பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் ஃப்ளூரைடு எலும்பையும் மூட்டையும் இறுக்கிவிடும் என்பது அதில் தெரிந்தது.

மெக்கே இன்னொன்றையும் கவனித்திருந்தார். கறைபட்ட அந்தப் பற்களில் சொத்தை குறைவு. இது எப்படி என்று புரிய, வாய்க்குள் ஒரு வாய் டீ போனதும் நடப்பதைப் பார்க்க வேண்டும். பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாப் படலம் சர்க்கரையைத் தின்று சில நிமிடங்களிலேயே அமிலத்தைக் கக்குகிறது. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் என்ற அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து கிளம்புகின்றன. அதைத் தடுத்துத் திருப்புவது நம் எச்சில். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கும் மேல் சுரக்கிற இந்தத் திரவத்தை நாம் மதிப்பதே இல்லை. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. கரைந்து நிற்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமலில் மறுபடி போய்ப் படிகின்றன. இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். இந்தத் தருணத்தில் பல்லின் மேல் துளி ஃப்ளூரைடு இருந்தால் தாது வேகமாகத் திரும்புகிறது. திரும்பிப் படியும் படிகமும் முன்னைவிட அமிலத்தைத் தாங்குகிறது. பற்பசையில் ஃப்ளூரைடு சேர்ப்பது இதற்காகத்தான். பல்லின் மேல் பட்டால் காவல், பல் உருவாகும் வயதில் அளவு மீறி வயிற்றுக்குள் போனால் கேடு. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அரிசி மணி அளவு பசை போதும் என்று சொல்வதும், துப்பப் பழக்கச் சொல்வதும் அதனால்தான்.

எச்சில் வற்றினால் இந்தப் பழுதுபார்ப்பு நடக்காது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்கள், வாய் உலர்த்தும் மாத்திரை சாப்பிடுபவர்கள், மணிக்கொரு டீயாக உறிஞ்சிக்கொண்டே இருப்பவர்கள் எல்லோருக்கும் சொத்தை எளிதில் வரும். தூக்கத்தில் எச்சில் ஏறக்குறைய நின்றே போகிறது. சர்க்கரை போட்ட பால் புட்டியோடு குழந்தையைத் தூங்க வைப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீருக்கு ஃப்ளூரைடு பாறையிலிருந்து வருகிறது. அங்கத்திய கருங்கல் பாறைகளின் தாதுக்களில் அது இருக்கிறது. கால்சியம் குறைந்து, சோடா உப்பு மிகுந்த தண்ணீர் அந்தப் பாறையிடுக்கில் நாள்பட நின்றால் அதைக் கரைத்துக்கொள்ளும். இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு நிறமில்லை, வாசமில்லை, குடிநீரில் இருக்கிற அளவுக்கு ருசியும் தெரியாது. காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை நீக்கிவிடும். போர்த் தண்ணீர் குடிக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதித்துவிடுவது நல்லது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி இரு மாவட்டங்களுக்கும் காவிரியைக் கொண்டுவந்தது. அந்தத் தண்ணீர் வராத நாளில் குடத்தை எங்கே வைத்துப் பிடிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

சோறும் இதில் சேர்கிறது. வயிற்றில் கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளூரைடில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் பத்து இருந்தாலே அதிகம். களி தின்ற ஊரில் களி குறைந்தது இந்தக் கணக்கில் நட்டம்தான். அதற்காகக் களி தின்றால் எந்தத் தண்ணீரையும் குடிக்கலாம் என்று ஆகாது.

போன பொங்கலுக்கு அத்தை கேட்டார்: "முப்பது வருஷமா இங்க மேட்டூர்த் தண்ணிதான குடிக்கறேன், இன்னும் ஏன்டா பல்லு வெளுக்கல?" பல் இனி தானாக மாறாது அத்தை, ஆனால் எலும்பு அப்படியில்லை என்றேன். எலும்பு ஆயுள் முழுக்கக் கரைந்து புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் மாறினால், சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை, சேர்ந்த ஃப்ளூரைடு பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் வெளியேறும். கறையையும் பல் மருத்துவர் மேலாகச் சுரண்டி எடுக்கலாம், மெல்லிய பூச்சு வைத்து மறைக்கலாம் என்று சொன்னேன்.

"வலிக்குமா?" என்றார். பெரிதாக வலிக்காது என்றேன். தம்பி கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார்.