வகுப்பறைக் குழந்தை கதைக்குள் வரலாமா?

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியராக வேலை பார்த்துக்கொண்டே கதையும் எழுதுகிறேன் என்று சொன்னால் பலரும் கேட்பது, "இரண்டுக்கும் எப்படி நேரம் கிடைக்கிறது?" என்பதுதான். நேரம் பெரிய சிக்கல்தான். ஆனாலும் இந்தத் துறையிலிருந்து எழுத வருகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளையின் வாழ்க்கையை நாம் கதையாக்கலாமா? ஆக்கலாம் என்றால் எதுவரைக்கும்?

நேரத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். குறைவாகப் பேசும் அல்லது பேசவே பேசாத பிள்ளைகளோடு பகல் முழுக்க இருப்பவருக்கு மாலையில் உடம்பு மட்டுமல்ல, கவனமும் வற்றிப்போயிருக்கும். ஒவ்வோர் அசைவையும் பார்த்துப் பார்த்து முடிவெடுத்துவிட்டு வீடு திரும்பினால், கதாபாத்திரத்துக்காக ஒரு முடிவெடுக்க மனம் ஓடாது. அதனால் நான் காலையில், பள்ளிக்குக் கிளம்பும் முன்பு எழுதுகிறேன். அரைப் பக்கம் வந்தாலும் போதும். மாலையில் திருத்தம் மட்டும். தனிநபர் கல்வித் திட்டமும் மதிப்பீட்டு அறிக்கையும் எழுதும் வாரங்களில் கதைப் பக்கம் போவதே இல்லை. ஏனென்றால், கதை எழுதும் கை அறிக்கைக்குள் நுழைந்துவிட்டால் அதன் விலையைக் கொடுப்பது பிள்ளைதான்.

ஓர் உதாரணம். வகுப்பில் ஒரு பையன் மேசையைத் தள்ளிவிடுகிறான். பதிவேட்டில் "கோபப்பட்டான்" என்று எழுதுவது சுலபம். அது நம் ஊகம். எழுத வேண்டியது இப்படி: "பின்வரிசையில் நாற்காலியை இழுத்தார்கள். இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். மேசையைத் தள்ளினான். வெளியே அழைத்துப் போனதும் கையை எடுத்தான்." முன்னால் நடந்தது, அவன் செய்தது, பின்னால் நடந்தது. தொடர்ந்து சில நாள் இப்படிக் குறித்துவந்தால், இது கோபமா, சத்தம் தாங்காத வேதனையா என்பது பிடிபடும். கோபம் என்று எழுதியிருந்தால் அவனுக்குக் கிடைத்திருப்பது கண்டிப்பு. சத்தம் என்று தெரிந்தால் இடம் மாற்றலாம், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டலாம்.

இன்னும் தீவிரமான ஒன்று. பேச்சு வராத பிள்ளை திடீரென்று தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தால், கதாசிரியர் மனம் உடனே துயரம், ஏக்கம், தனிமை என்று காரணம் தேடும். முதலில் பார்க்க வேண்டியது பல், காது, வயிறு. பல்வலியையும் காதுவலியையும் மலச்சிக்கலையும் வாயால் சொல்ல முடியாத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? புதிதாகத் தொடங்கிய எந்த நடத்தைக்கும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மற்ற விளக்கங்களுக்குப் போக வேண்டும். பெற்றோர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடத்தைக்குப் பெயர் சூட்டும் முன் பார் என்ற இந்தப் பழக்கம் எழுத்துக்கும் பெரிய உதவி. குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-ல் வெளியிட்ட, ஆட்டிச வரலாற்றில் முக்கியமான கட்டுரையில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் டொனால்ட் என்ற சிறுவனிடம், "ஆமாம்" என்று சொன்னால் தோளில் தூக்கிவைத்துக்கொள்வேன் என்று அப்பா சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார். அவனோ அதற்குப் பிறகு தோளில் ஏற ஆசை வந்தபோதெல்லாம் "ஆமாம்" என்றான். சம்பந்தமில்லாமல் பேசுகிறான் என்று ஒதுக்காமல், அந்தப் பேச்சு எங்கே தொடங்கியது என்று கானர் பார்த்தார். அர்த்தமில்லாததுபோலத் தோன்றும் பேச்சுக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கக்கூடும் என்று தெரிந்தவர் எழுதும் உரையாடல், தெரியாதவர் எழுதுவதிலிருந்து நிச்சயம் வேறுபடும்.

அதே டொனால்ட்தான் எனக்கு இன்னொரு பாடமும். கட்டுரையில் அவன் குடும்பப் பெயரின் முதலெழுத்து மட்டுமே இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்துப் பத்திரிகையாளர்கள் தேடிப்போய் அவரைக் கண்டுபிடித்தார்கள். முழுப் பெயரும் ஊரும் உலகத்துக்குத் தெரிந்துவிட்டன. மருத்துவக் கட்டுரைக்கே இந்தக் கதி என்றால், பெயரை மாற்றி, பையனைப் பெண்ணாக்கி நாம் எழுதும் கதையில் மறைவு எங்கே இருக்கிறது? விரலை எப்படி ஆட்டும், எந்த ஓசைக்குச் சிரிக்கும் என்ற ஒரு வரி போதும், அம்மா தன் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்வார்.

பெற்றோரிடம் அனுமதி வாங்கிவிட்டேன் என்று சிலர் சொல்வார்கள். என் பார்வையில் அது போதாது. தன் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் கேட்கும்போது ஒரு தாய்க்கு மறுப்பது எவ்வளவு கஷ்டம்! சேர்க்கையின்போது வாங்கிய கையெழுத்து மதிப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் தந்த ஒப்புதல். கதைக்கோ சமூக ஊடகப் பதிவுக்கோ தந்தது அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்மதம் சொல்ல வேண்டிய முதல் ஆள் அந்தப் பிள்ளை. ஐ.நா. 2006-ல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 22-ஆவது பிரிவு அவர்களின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. உடல்நலம், மறுவாழ்வு சார்ந்த தகவல்களும் அதில் அடக்கம்.

எனவே என் வழக்கம் இது. பள்ளிப் பதிவேடு பள்ளியிலேயே இருக்கும். வீட்டு நோட்டில் பிள்ளை செய்ததை எழுதமாட்டேன், அன்று எனக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுவேன். பொறுமை எந்த இடத்தில் கைவிட்டது, எதற்குப் பயந்தேன், எதற்குப் பொறாமைப்பட்டேன். அது முழுக்க என் சொத்து. கதைக்குள் வரும் பிள்ளை அதிலிருந்து பிறக்கட்டும்.

அந்த உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் பற்றிய தவறான பிம்பங்களை எதிர்க்கச் சொல்கிறது. நம் கதைகளில் அந்தப் பிம்பங்கள் நிறைய. தெய்வக் குழந்தை, பெற்றோரின் கர்மா, யாரும் அறியாத மேதை. கடைசிப் பக்கத்தில் முதல் வார்த்தை பேசிவிடும் பிள்ளை. நிஜத்தில் அந்த முதல் வார்த்தை வரும், மறுநாள் வராது. ஓர் ஆசிரியரிடம், ஓர் அறையில் வந்தது இன்னோர் அறைக்குப் போக மாதக்கணக்கில் ஆகலாம். கற்ற திறனை இடம், ஆள், நேரம் எல்லாவற்றுக்கும் கொண்டுபோவதுதான் எங்கள் வேலையின் பெரும்பகுதி. "கதையில் பேசினானே, என் பையன் ஏன் பேசவில்லை?" என்று ஒரு பெற்றோர் குற்ற உணர்வோடு உட்கார்ந்திருந்தால், அந்த முடிவை எழுதியவருக்கும் அதில் பங்கு உண்டு.

எழுத்தும் வகுப்பும் சண்டையில்லாமல் சேருமிடம் ஒன்று இருக்கிறது, சோஷியல் ஸ்டோரி. அமெரிக்க ஆசிரியர் கரோல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை. பிள்ளைக்குக் குழப்பமான ஒரு சூழலை, அதன் கண்ணோட்டத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் விவரிக்க வேண்டும். தீயணைப்பு ஒத்திகை மணிக்கு இப்படி எழுதலாம்: "சில நாள் பள்ளியில் பெரிய மணி அடிக்கும். சத்தம் அதிகமாக இருக்கும். நான் காதைப் பொத்திக்கொள்ளலாம். நாங்கள் வரிசையாக வெளியே போவோம். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் மணி நின்றுவிடும்." "பெரும்பாலும்" என்ற சொல்லை எடுத்துவிட்டால் கதை பொய்யாகிவிடும். மணி நிற்கத் தாமதமான அன்று, சொன்னதைச் சொன்னபடி நம்பும் பிள்ளை நம்மை நம்பாது. "அழக் கூடாது" என்ற கட்டளைக்கும் இதில் இடமில்லை. இதைவிடக் கறாரான உரைநடைப் பயிற்சியை நான் எங்கும் பெறவில்லை.

அடுத்த கட்டம், பிள்ளைகளையே கதை சொல்ல வைப்பது. யார், எங்கே, என்ன நடந்தது என்று மூன்று வரிசையாகப் படங்களைப் பரப்பி, விரலாலோ கண்ணாலோ தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக 1 நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 நொடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் வளர்கின்றன என்றும் 1970-களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் எழுதியிருக்கிறார். படப்பலகையில் பேசும் பிள்ளைக்கு அதைவிடப் பலமடங்கு பொறுமை வேண்டும். யானை பேருந்தில் ஏறிக் குளத்துக்குள் போனால் போகட்டும், திருத்தாதீர்கள். பிள்ளை சொன்ன வரிசையிலேயே எழுதி, எழுதியவர் பெயராக அதன் பெயரையே போடுங்கள். சுவரில் ஒட்டுவதா, வீட்டுக்கு எடுத்துப்போவதா என்பதையும் இரண்டு படம் காட்டி அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.