பாணி அன்று, வகைமை

குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர்களின் அத்தியாயங்களை வரிசைப்படுத்தும் தமிழ்ப் பட்டியல்களில் ‘பாணி: திகில்’, ‘பாணி: நகைச்சுவை’, ‘பாணி: சாகசம்’ என்று எழுதும் வழக்கம் பரவிவருகிறது. ஆங்கிலத்தார் ‘ஜானர்’ என்று சொல்வதற்கு ஈடாகவே இந்தப் ‘பாணி’ அங்கே நிறுத்தப்படுகிறது. இது பொருந்தாத ஈடு. அந்த இடத்துக்கு உரிய சொல் ‘வகைமை’.

மூலச்சொல்லின் வரலாறு நீண்டதன்று. இலத்தீனில் பிறப்பு, குலம், வகை ஆகியவற்றைக் குறித்த ‘கெனுஸ்’ என்னும் சொல் பிரெஞ்சில் ‘ழான்ர்’ என்றாகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. உயிரியலில் பேரினத்தைக் குறிக்கும் ‘ஜீனஸ்’, பாலினத்தைக் குறிக்கும் ‘ஜெண்டர்’ ஆகியவையும் அதே வேரிலிருந்து வந்தவையே. கலைத்துறையில் இச்சொல், பொருளாலும் அமைப்பாலும் தமக்குள் ஒத்திருந்து, காண்போர் மனத்தில் ஒரே விதமான எதிர்பார்ப்பை எழுப்பும் படைப்புகளின் கூட்டத்தைச் சுட்டுகிறது.

பாணி என்பதோ முற்றிலும் வேறான ஒன்றைச் சொல்வது. பழைய இலக்கியங்களில் அது பாட்டையும் தாளத்தையும் குறித்தது. இன்றைய வழக்கில் ஒருவர் ஒன்றைச் செய்யும் முறையைக் குறிக்கிறது. பரதநாட்டியத்தில் பந்தநல்லூர்ப் பாணி, வழுவூர்ப் பாணி என்கிறோம். கருநாடக இசையில், பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பெயரால் ஜி.என்.பி. பாணி என்கிறோம். வழுவூர்ப் பாணியில் ஆடுபவரும் வர்ணம் ஆடுவார், பதம் ஆடுவார், தில்லானா ஆடுவார். ஆடப்படும் உருப்படி மாறினாலும் பாணி மாறுவதில்லை. அதே வர்ணத்தை வேறு மரபில் பயின்றவர் ஆடினால் உருப்படி மாறாமல் பாணி மாறிவிடுகிறது. தமிழ் இத்தனை தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதற்கு என்ன தேவை வந்தது?

நம் இலக்கிய மரபிலும் இதற்குத் தெளிவான சான்று உண்டு. ஒட்டக்கூத்தர் உலா பாடினார், பிள்ளைத்தமிழ் பாடினார், தக்கயாகப்பரணியும் பாடினார். வகைமைகள் மூன்று, அவற்றில் ஓடும் பாணி கூத்தருடையது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைத் தக்கயாகப்பரணிக்கு அருகில் வைத்தால் இருவர் பாணியும் வேறு, வகைமை ஒன்று. இத்தகைய இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் கூறும் பாட்டியல் நூல் எதுவும் பரணியைப் ‘பாணி’ என்று சொல்லவில்லை.

கார்ட்டூனுக்கு வருவோம். ‘டாம் அண்ட் ஜெர்ரி’ இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஏனெனில் திரையரங்குகளுக்கென எடுக்கப்பட்ட அதன் குறும்படங்கள் ஒவ்வொன்றும் தனிக்கதை. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் 1940 முதல் 1958 வரை இத்தொடரில் 114 குறும்படங்களை உருவாக்கினர். 1942இல் வந்த ஒன்றில் வானொலியில் பேய்க்கதை கேட்டு நடுங்கும் டாமை ஜெர்ரி மேலும் மிரட்டுகிறது. அது திகில் கதையின் அமைப்பைக் கொண்டது. 1949இல் வந்த ஒன்றில் டாம் இறந்து, மேலுலகம் செல்லும் தொடர்வண்டியில் ஏற ஜெர்ரியின் கையொப்பம் தேடி அலைகிறது, அது மிகுபுனைவு, ஆங்கிலத்தார் சொல்லும் ‘ஃபேண்டசி’. 1950இல் வந்தது கௌபாய்க் கதை. 1952இல் மட்டும், பழைய பிரான்சின் வாள்வீரர் கதை ஒன்றும், வீட்டுக்கு இயந்திரப் பூனை வந்து சேரும் அறிபுனை, அதாவது அறிவியல் புனைகதை, ஒன்றும் வெளிவந்தன. இவை அனைத்திலும் கோடு, வண்ணம், ஸ்காட் பிராட்லியின் இசை, அடிதடியின் வேகம் ஆகியவை ஒரே கைவண்ணம். பாணி ஒன்றாகவே இருக்க, வகைமை மாறிக்கொண்டே போகிறது.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். 1961, 1962ஆம் ஆண்டுகளில் ஜீன் டைச் இதே தொடருக்குப் பிராகு நகரில் 13 படங்களை எடுத்தார்; 1963 முதல் 1967 வரை சக் ஜோன்ஸ் 34 படங்களைத் தந்தார். டைச்சின் முதல் படம், கோட்டையொன்றில் விலங்குகளின் மூளையை மாற்றிவைக்கும் அறிவியலாளனின் கதை. வகைமையால் அது பழைய திகில் படங்களுக்கும் அறிபுனைக்கும் உறவு. பாணியாலோ ஹன்னா, பார்பரா படங்களிலிருந்து வெகு தொலைவு. டாமின் புருவம் வரையப்பட்டிருக்கும் விதத்தைக் கொண்டே இது ஜோன்ஸ் படம் என்று சொல்லிவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் கண்டுபிடிப்பதுதான் பாணி. அத்தியாயத்தைத் திகில் என்றும் சாகசம் என்றும் பிரிக்கும் கட்டத்துக்குப் ‘பாணி’ என்று தலைப்பிட்டுவிட்டால், அப்பிள்ளைகள் கண்டுபிடித்ததைச் சொல்ல நம்மிடம் சொல்லே இல்லாமல் போகும். ஒரு மொழிபெயர்ப்பு பிழையாக இருப்பது ஒரு குற்றம். அது இன்னொரு நல்ல சொல்லின் வேலையையும் பறித்துக்கொள்வது அதனினும் பெரிய குற்றம்.

‘இனம்’ என்று எழுதுவோரும் உளர். வேர்ப்பொருளுக்கு அது நெருக்கமே. ஆயினும் இன்றைய தமிழில் அச்சொல் மக்கள் கூட்டத்தையும் உயிரினத்தையும் அத்தனை அழுத்தமாகச் சுட்டுவதால், கதைகளுக்கு அது ஒட்டாது.

அப்படியானால் ‘வகை’ போதாதா என்று தூய தமிழ் அன்பர்கள் கேட்கிறார்கள். ‘வகு’ என்னும் வினையிலிருந்து பிறந்த ‘வகை’ அருமையான சொல். ஆனால் அரிசி, பொரியல், நோய், நிலம் எல்லாவற்றுக்கும் அது பொது. துறைச்சொல்லுக்குச் சற்று இறுகிய வடிவம் வேண்டும். தலை என்பதிலிருந்து தலைமையும், பெண் என்பதிலிருந்து பெண்மையும் வந்தது போலவே வகையிலிருந்து வகைமை வந்தது. இலக்கணத்துக்கு அதில் மாறுபாடு ஒன்றுமில்லை. இலக்கியத் திறனாய்வில் ‘இலக்கிய வகைமை’ வேரூன்றிவிட்டதும் அதற்குப் பக்கபலம்.

சொல்லைத் திருத்தினாலும் பட்டியல் திருந்திவிடாது என்பதுதான் பெரிய வருத்தம். ‘கார்ட்டூன், குழந்தைகள், நகைச்சுவை, குடும்பம்’ என்று நான்கையும் ஒரே வரியில் அடுக்குகிறார்கள். கார்ட்டூன் என்பது ஆக்க வடிவம். வரைந்த படத்தில் திகிலும் சொல்லலாம், துயரமும் சொல்லலாம். குழந்தைகள் என்பது பார்வையாளர். இவற்றை வகைமை என்று அழைப்பது, நூலின் பொருள் என்ன என்ற கேள்விக்கு அதன் தாளின் தரத்தை விடையாகச் சொல்வது போன்றது. தொல்காப்பியர் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று யாப்பின் வகைகளைச் செய்யுளியலில் சொன்னார். நகை, அச்சம், மருட்கை முதலிய எட்டையும் மெய்ப்பாட்டியலில் தனியே வைத்தார். வடிவத்தையும் சுவையையும் பிரித்துக் காட்டும் நூல் கையில் இருக்க, ஆங்கிலப் பட்டியலில் கிடந்த குழப்பத்தை அப்படியே தமிழில் இறக்கிவைப்பது மொழிபெயர்ப்பாளரின் பணியாகாது. எதை எதனிலிருந்து பிரிக்கிறோம் என்று கேளாமல் சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடுவதாலேயே இத்தகைய பிழைகள் நிலைத்துவிடுகின்றன.

‘நகைச்சுவை’ என்ற குறியையும் இங்கே சொல்ல வேண்டும். டாம், ஜெர்ரி படங்கள் அனைத்துக்கும் அதை ஒட்டினால் எதையும் வகுத்ததாகாது. தொடர் முழுமைக்கும் பொதுவானதைத் தொடரின் தலைப்பில் ஒருமுறை எழுதிவிட்டு, அத்தியாயத்துக்கு எதிரே அதற்கே உரியதை எழுத வேண்டும். இயந்திரப் பூனைக் கதைக்கு வகைமை: அறிபுனை. மேலுலகத் தொடர்வண்டிக்கு வகைமை: மிகுபுனைவு. இரண்டு கலந்திருந்தால் கதையை நடத்திச் செல்வது முதலில் வரட்டும். வடிவத்துக்கும் பார்வையாளருக்கும் தனித்தனிக் கட்டங்கள் போதும். பாணியைக் குறிக்க விரும்புவோர் அதை இயக்குநர் பெயருக்கு அடுத்த கட்டத்தில் குறிக்கலாம்.