‘என் மேல தாவு போடு’

மூன்றாம் வகுப்பு முடித்த ஒரு பையன். எழுதச் சொன்னால் புள்ளிகளை விட்டுவிடுவான். ‘பட்டம்’ அவன் நோட்டில் ‘படடம’ ஆகிவிடும். வாசிப்பும் திக்கித் திணறித்தான். எழுத்துப் பயிற்சியை விளையாட்டாக்கலாம் என்று நான் முதன்முதலில் செய்த சீட்டுக்கட்டை அவனும் இன்னும் மூன்று பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது பக்கத்தில் இருந்த பெண் குழந்தையிடம் அவன் குனிந்து கிசுகிசுத்தது காதில் விழுந்தது: “என் மேல தாவு போடு. என்கிட்ட இருக்கற ‘ரெண்டு எடு’வ உனக்குத் தரேன்.”

‘தாவு’ அட்டை விழுந்தால் அந்த ஆளின் முறை போய்விடும். தன் முறை தன்னிடம் வராமல் இருக்க லஞ்சம் கொடுக்கிறான்!

கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளோடு சிறப்பாசிரியராக வேலை பார்க்கத் தொடங்கிப் பல வருஷங்கள் ஆகின்றன. அந்த ஒரு பேரத்தில் நான் கற்றது நிறைய. இப்போது பல பள்ளிகளில் ஆசிரியர்களே சொல் விளையாட்டு அட்டைகள் செய்கிறார்கள், பெற்றோரும் வீட்டில் செய்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நான் செய்த தப்பையே திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த முதல் கட்டில் நான் செய்தது, ஊனோவை அப்படியே தூக்கி எழுத்துகளின் நடுவில் வைத்ததுதான். 1971-இல் அமெரிக்காவின் ஓஹையோவில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநர் உருவாக்கிய ஆட்டம் அது. அதன் பழைய கட்டில் 108 சீட்டுகள். அதில் 32 சீட்டுகள் தாவு, திருப்பு, ரெண்டு எடு, நிறம் மாற்று வகையறா செயல் அட்டைகள். அங்கே அது சரி. கையைக் காலி செய்வதுதான் ஆட்டம், எதிராளியைத் தடுப்பதுதான் சுவாரசியம். சொல் எழுதும் ஆட்டத்தில் ‘தாவு’ என்ன செய்கிறது? ஒரு பிள்ளையை எழுதவிடாமல் செய்கிறது. எழுதச் சிரமப்படும் பிள்ளைக்கு அது தண்டனையும் இல்லை, விடுதலை. நன்றாக எழுதும் பிள்ளையோ செயல் அட்டைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு சொல்கூட எழுதாமல் ஜெயித்தது. ஆக, யாருக்குப் பயிற்சி வேண்டுமோ அவனுக்குத்தான் அந்த ஆட்டத்தில் மிகக் குறைந்த வாய்ப்பு.

அதற்கப்புறம் ஒரே விதி வைத்துக்கொண்டேன்: எந்த அட்டையும் ஒருவருடைய முறையைப் பறிக்கக் கூடாது. செயல் அட்டை எழுத்தின் மேல் வேலை செய்யட்டும், ஆளின் மேல் வேண்டாம். அது கையில் வரவேண்டுமானால் முதலில் ஒரு சொல் எழுதியிருக்க வேண்டும். அதைப் போட்டால் இன்னொரு சொல் எழுத வேண்டும்.

செயல் அட்டைக்குப் போகும் முன் எழுத்து அட்டைகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பாதி வருஷம் போனது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கு 247. ஆர்வக்கோளாறில் 247-ஐயும் அச்சடித்தேன். கலைக்கவே முடியவில்லை, அப்புறம் ஒரு குழந்தை கையில் ‘ஙௌ’, ‘ஞூ’, ‘ழௌ’ என்று வந்து உட்கார்ந்தால் அது என்ன செய்யும்? அடுத்ததாக, அகர எழுத்துகளைத் தனியாகவும் கால், கொம்பு, புள்ளி, விசிறிகளைத் தனித்தனிச் சீட்டுகளாகவும் பிரித்தேன். ‘கா’ வந்தது. ‘கெ’ எழுதக் கொம்பு இடது பக்கம் போக வேண்டும், ‘கொ’ எழுத இரண்டு பக்கமும். ‘கு’, ‘து’, ‘பு’ மூன்றிலும் உகரம் மூன்று விதமாக எழுத்தோடு ஒட்டுகிறது. அதற்கு எந்தச் சீட்டை வைப்பது? மேசை முழுக்க ஒட்டுவேலை.

கடைசியில் நின்றது இதுதான்: சீட்டில் வெறும் எழுத்துடல் மட்டும். க, ச, த, ப, ம என்று. காலும் கொம்பும் புள்ளியும் பிள்ளையின் முடிவு. சீட்டுகளை வரிசையாக வைத்துவிட்டுச் சிலேட்டில் சொல்லை முழுதாக எழுத வேண்டும். உயிரெழுத்திலும் அ, இ, உ, எ, ஒ ஐந்துதான். ‘அ’ சீட்டை வைத்து ‘ஆடு’ என்று எழுதினால் செல்லும்.

க, ல இரண்டு சீட்டை வைத்துப் பாருங்கள். கல், கால், கலை, காலை, கூலி, கேலி, கோல், கோலி, குலை. இரண்டு சீட்டில் ஒன்பது சொல், இன்னும் உண்டு. புள்ளியை விடும் பையனுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது, ஏனென்றால் ‘கல’ என்று எழுதினால் அது வேறு சொல், ‘கல்’ வேறு. புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது அங்கே வாத்தியார் போடும் சிவப்பு மை இல்லை, அர்த்தம்.

ஒரு சிக்கல் இருந்தது. ட, ண, ழ, ள, ற, ன, ல எல்லாம் ஒரே கையில் வந்துவிட்டால் சொல்லைத் தொடங்கவே முடியாது. சொல்லுக்கு முதலில் வரும் மெய்கள் என்று நன்னூல் பத்தைத்தான் சொல்கிறது: க ச த ந ப ம வ ய ஞ ங. அதில் ங-வை இன்றைக்கு யாரும் பயன்படுத்துவதில்லை. ஆகவே மற்ற ஒன்பதுக்கும் உயிரெழுத்துகளுக்கும் பச்சைக் கரை போட்டேன். இரண்டு குவியல், பச்சையில் மூன்று, வெள்ளையில் நான்கு எடுத்துக் கையில் ஏழு. யாரும் சும்மா முழித்துக்கொண்டு இருப்பதில்லை. ‘டீ’, ‘ரயில்’, ‘லாரி’, ‘ரொட்டி’ செல்லுமா என்று கேட்பார்கள். செல்லும். எட்டு வயதுப் பிள்ளை தினமும் குடிப்பதை எழுதக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

எத்தனை சீட்டு எந்த எழுத்துக்கு என்பதற்கு ஸ்கிராபிள் என்ற ஆங்கிலச் சொல்லாட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ்தான் எனக்கு முன்னோடி. 1930-களில் வேலையில்லாமல் இருந்த கட்டடக் கலைஞர் அவர். செய்தித்தாளை எடுத்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். நான் இரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை எண்ணினேன். உயிர் 15, மெய் 73 என்று வைத்தேன். க, ம தலா 7, ங, ஞ தலா 1. பட்ஸ் இன்னொன்றும் செய்தார்: பன்மைக்கு எல்லாச் சொல்லிலும் ஒட்டிக்கொள்ளும் ‘எஸ்’ஸுக்கு நான்கே வில்லைதான் கொடுத்தார். நம் ஆட்டத்தில் அந்த வேலையைச் செய்வது ‘கள்’. ஒருவன் மரம் என்று வைத்தால் அடுத்தவன் மரங்கள், அப்புறம் மலைகள், கால்கள்... அதனால் ‘கள்’ கிடையாது. பனங்கள் பற்றித் தெரிந்த பிள்ளை கேட்டால் அது தனிச்சொல், செல்லும்.

சரி, செயல் அட்டைகள். மொத்தம் 20, நான்கு வகை.

‘நீட்டு’ ஐந்து. மேசையில் கிடக்கும் யாருடைய சொல்லையும் எடுத்து ஒரு குறிலை நெடிலாக்கிப் புதுச் சொல் எழுத வேண்டும். படம் பாடமாகும், விடு வீடாகும், மலை மாலையாகும், எடு ஏடாகும், முடி மூடியாகும். நெடிலைக் காதால் பிரிக்கத் தெரியாத பிள்ளைகள் இதில் உடனே தெரிந்துவிடுவார்கள்.

‘ஒற்று’ ஐந்து. எனக்கு ரொம்பப் பிடித்தது. சொல்லின் நடுவில் இந்த அட்டையைச் செருகினால் அதுவே ஒரு ஒற்றெழுத்து. எந்த எழுத்து என்று பிள்ளை எழுத வேண்டும். வடி, வட்டி, வண்டி. படி, பட்டி. பலி, பல்லி. நடு, நண்டு. ‘வன்டி’, ‘நன்டு’ என்று எழுதும் பிள்ளைகள் எக்கச்சக்கம். மூன்று சுழியா இரண்டு சுழியா என்று சுழியை எண்ணவைப்பதால் வரும் வினை இது. அந்த எழுத்துகளின் பழைய பெயரிலேயே பதில் இருக்கிறது: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட-வுக்கு முன்னால் ண், த-வுக்கு முன்னால் ந், ற-வுக்கு முன்னால் ன். வண்டி, பந்து, கன்று. இதை நான் பாடமாக எடுத்தால் யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் மேசையில் ‘குடி’ கிடந்தது. ஒருத்தி ‘குட்டி’ ஆக்கினாள். அடுத்தவன் ஒற்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், சிலேட்டைப் பார்த்தான், சிரிப்பை அடக்க முடியாமல் எழுதியேவிட்டான்: குண்டி. சரியான எழுத்து, மதிப்பெண் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்தக் குழுவில் யாராவது ட-வுக்கு முன்னால் தயங்கினால் போதும், இன்னொருவன் அந்தச் சொல்லை மெதுவாக எடுத்துக்கொடுப்பான். ர, ழ இரண்டும் இரட்டிக்காது என்பதையும் இதே அட்டை சொல்லிக்கொடுக்கிறது. ‘மரை’யில் இன்னொரு ர்-ஐச் செருகப் பார்த்து, வாயில் வராமல் அவர்களே சீட்டைத் திரும்ப எடுப்பார்கள்.

‘சொந்தக்காரர்’ ஆறு. ல, ள, ழ ஒரு குடும்பம். ர, ற ஒரு குடும்பம். ந, ன, ண ஒரு குடும்பம். ஒரு எழுத்தை அதன் சொந்தக்காரரால் மாற்றி எழுதி, இரண்டு சொல்லுக்கும் பொருள் சொல்ல வேண்டும். வலி, வளி, வழி. இலை, இழை. மூலை, மூளை. கரை, கறை. அரை, அறை. பனி, பணி. பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை. “நல்லா அழுத்திச் சொல்லிப் பாரு, தானா வரும்” என்று பிள்ளையை விரட்டாதீர்கள். ர, ற இரண்டையும் பேச்சில் நம்மில் எத்தனை பேர் பிரிக்கிறோம்? பல வீடுகளில் ழ-வும் ள-வும் ஒரே ஒலி. ந-வும் ன-வும் ஒலியில் ஒன்றுதான். சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னாலும் ந, மற்றபடி பெரும்பாலும் ன. காதில் இல்லாத வித்தியாசத்தைக் காதில் தேடச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? இது கண்ணுக்கும் கைக்கும் பொருளுக்கும் பழக வேண்டிய விஷயம்.

மீதி நான்கு ‘இரவல்’. அடுத்தவர் சொல்லிலிருந்து ஒரு சீட்டைக் கடன் வாங்கலாம், ஆனால் அந்தச் சொல் உடையாமல் வேறு சொல்லாக நிற்க வேண்டும். இதில்தான் சண்டை அதிகம். இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

தப்பாக எழுதினால்? மதிப்பெண் குறைப்பது இல்லை. இரண்டு பேர் ஒரு அணி, இருவருக்கும் ஒரே சிலேட்டு. எழுதியதை முதலில் கூட்டாளி பார்ப்பான், திருத்திக்கொள்வார்கள், அப்புறம்தான் மேசைக்குக் காட்டுவது. மணல் கடிகாரத்தையும் எடுத்துவிட்டேன். அரிய எழுத்துக்குக் கூடுதல் மதிப்பெண் வைத்துப் பார்த்தேன். எல்லோரும் ஞ-வுக்காகத் தவம் கிடந்தார்கள். இப்போது எத்தனை சீட்டோ அத்தனை மதிப்பெண்.

ஒரு முறை பேரனோடு ஒரு பாட்டி விளையாட உட்கார்ந்தார். ‘மலை’யில் லை-யை அந்தக் காலத்துத் தும்பிக்கை போட்டு எழுதினார். பேரன், “பாட்டி தப்பு!” என்றான். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் வரை அதுதான் சரி. தும்பிக்கை எழுத்துக்கு இனி எங்கள் மேசையில் ஆட்சேபணை இல்லை.

அச்சுக்குக் கொடுப்பவர்கள் எழுத்துருவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல எழுத்துருவில் ண-வின் சுழிகள் ஒட்டிக்கொண்டு ன போலத் தெரியும். ர-வுக்கும் காலுக்கும் வித்தியாசமே இருக்காது. ப-வைத் தலைகீழாகப் பிடிக்கும் பிள்ளைகள் உண்டு, அதனால் சீட்டின் அடியில் ஒரு கோடு. 63 க்கு 88 மில்லிமீட்டர் சீட்டு ஒரு ஏ3 தாளில் 18 வரும். 88-உம் 20-உம் சேர்ந்து 108, சரியாக ஆறு தாள்.

ஆட்டத்தை வைத்து எந்தப் பிள்ளைக்கும் பட்டம் கட்டாதீர்கள். மூன்றாம் வகுப்பு தாண்டியும், நல்ல பயிற்சிக்குப் பிறகும் எழுத்துகள் விடுபட்டுக்கொண்டே இருந்தால் முதலில் கண், காது பரிசோதனை, அப்புறம் முறையான மதிப்பீடு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. தேர்வில் சலுகை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லஞ்சம் கொடுத்த பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். புள்ளியை இன்னும் சில நேரம் விடுகிறான். ஆனால் போன வாரம் தன் முறை முடிந்ததும் நீட்டு அட்டையை நீட்டிக்கொண்டு, “இன்னும் ஒண்ணு எழுதிக்கட்டுமா?” என்றான்.

அச்செல்லாம் பிறகு. மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஸ்கெட்ச் பேனாவில் எழுதினாலே போதும், அந்த அட்டை நல்ல கனம். ஆனால் எல்லாம் ஒரே கல்யாணத்துப் பத்திரிகையாக இருக்கட்டும். நான் இரண்டு கல்யாணத்தைக் கலந்துவிட்டேன். பின்பக்கம் ரோஸ் கலர் ஓரம் தெரிந்தால் அது ‘ம’ என்று இரண்டே நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.