ஊசல் நின்றுபோகும், வாட்ச் நிற்காது

பழைய வீடுகளின் சுவரில் டங் டங்கென்று ஆடும் ஊசல் கடிகாரத்தை விண்கலத்தில் மாட்டினால் வேலை செய்யாது. ஊசலைக் கீழே இழுத்து ஆட வைப்பது புவியீர்ப்பு. சுற்றுப்பாதையில் கலமும் ஊசலும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் அந்த இழுப்பு தெரியாது. சரி, 1961 ஏப்ரல் 12 அன்று விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின் கையில் இருந்த ஷ்டுர்மான்ஸ்கி வாட்ச் மட்டும் எப்படி ஓடியது?

வாட்சுக்குள் ஊசலுக்குப் பதில் ஒரு குட்டிச் சக்கரம். அதன் அச்சில் தலைமுடி போன்ற சுருள்வில். சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் வில் இறுகித் திருப்பித் தள்ளும். வந்த வேகத்தில் சக்கரம் நடுவைத் தாண்டிவிடும், வில் மறுபடி இழுக்கும். வில்லின் விறைப்பு, சக்கரத்தின் நிறை இரண்டும்தான் கணக்கு. எடைக்கு அங்கே வேலையே இல்லை. நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இந்தச் சக்கரம் நொடிக்கு 5 முறை 'டிக்' சொல்லும்.

அது சாவி கொடுக்கும் வாட்ச். தானாகச் சாவி ஏறும் வாட்ச் விண்வெளியில் ஓடாது என்று இன்றும் சிலர் சொல்வார்கள். ஓடும். கை திரும்பும்போது உள்ளே இருக்கும் எடைத்தட்டு கூடவே வராமல் பின்தங்கும். அந்த வித்தியாசமே வாட்சை ஓட்டும் பெரிய வில்லை இறுக்கிவிடும். 1973-74இல் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாப்பில் 84 நாள் இருந்த வில்லியம் போக், நாசா பட்டியலில் இல்லாத, தானாகச் சாவி ஏறும் ஒரு சீக்கோ வாட்சைக் கட்டிக்கொண்டு போய் இதைக் காட்டிவிட்டார்.

வாட்சுக்கு உண்மையான எதிரிகள் வெப்பமும் வெற்றிடமும். நாசா தன் சோதனையில் வாட்சுகளை 71 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் வாட்டியது. அப்புறம் 93 டிகிரியில் அரை மணி. குளிருக்கு மைனஸ் 18. சூட்டில் வில்லின் விறைப்பு மாறும், குளிரில் எண்ணெய் கெட்டிப்படும். தேறியது ஸ்பீட்மாஸ்டர் மட்டும். 1965 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது.

அதன் மேல்மூடி நிஜக் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். உடைந்தாலும் சில்லுகளாகச் சிதறிக் கலத்துக்குள் மிதந்து கண்ணைக் குத்தாது. ஆனால் நிலவில் நடக்கும்போது வாட்சை விண்வெளி உடைக்கு வெளியே, நீளமான வெல்க்ரோ வாரில் கட்டினார்கள். வெளியே காற்றே இல்லை. பூமியில் அடைத்த காற்று அப்படியே உள்ளே இருந்தால், 3 சென்டிமீட்டர் அகல மூடியைச் சுமார் 7 கிலோ பாரத்துக்குச் சமமான விசை உள்ளிருந்து தள்ளும்.

1971இல் அப்பல்லோ 15இன் டேவிட் ஸ்காட் இரண்டாம் நிலவு நடையை முடித்துக் கலத்துக்குத் திரும்பியபோது, அவருடைய ஒமேகாவின் மூடி கழன்று போயிருந்தது. மூன்றாம் நடைக்குத் தன்னிடமிருந்த புலோவா வாட்சைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.