மாட்டினால் ஓட வேண்டும்: ராணுவ வண்டியும் ரோபோவும்

மன்னார்குடிப் பக்கம் குறுவைக்குச் சேற்றுழவு நடக்கும்போது வரப்பில் நின்று கவனியுங்கள். டிராக்டர் ஒரு கம்பெனி, ரோட்டவேட்டர் வேறு கம்பெனி. ஓட்டுநர் கீழ்க்கைகள் இரண்டையும் மாட்டிப் பூட்டு ஆணி போடுகிறார், டாப் லிங்க்கைத் திருகி நீளம் சரிசெய்கிறார், டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டைச் செருகுகிறார். கொஞ்ச நேரத்தில் சேறு கலங்க ஆரம்பித்துவிடும். ஷாஃப்ட்டின் தடிமன் சுமார் 35 மில்லிமீட்டர், அதில் 6 பற்கள், சுழற்சி நிமிடத்துக்கு 540 என்று முன்பே பேசி வைத்திருப்பதால்தான் இது நடக்கிறது.

ராணுவ வண்டியும் ரோபோவும் சேர்ந்து வேலை செய்யவும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். அங்கே மாட்ட வேண்டியது பெரும்பாலும் இரும்பை அல்ல, செய்தியை. முன்பெல்லாம் கவச வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு திரை, ஓர் ஆன்டெனா, ஒரு ஜிபிஎஸ் என்று வந்து இடத்தை அடைத்துக்கொண்டது. இப்போது நேட்டோ நாடுகளின் வண்டித் தரநிலை போன்றவற்றில், வண்டிக்குள் ஒரே வலைப்பின்னல். ஒரு ஜிபிஎஸ் இருக்குமிடத்தைச் சொல்லும். வேண்டிய கருவிகள் எடுத்துக்கொள்ளும்.

ரோபோக்களுக்கு ‘ஜாஸ்’ என்றொரு தரநிலை இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஓட்டும் கட்டளை. ‘ஆக்சிலரேட்டரை இவ்வளவு மிதி’ என்று அது சொல்வதில்லை. ‘முன்னோக்கி 40 சதவீத விசை’ என்று மட்டும் போகும். சக்கரமா, சங்கிலிப் பட்டையா, எந்த மோட்டாரை எவ்வளவு சுழற்றுவது என்பதெல்லாம் ரோபோவின் பாடு. ஆகவே ரோபோவை மாற்றினாலும், சிப்பாயின் கையில் இருக்கும் திரையை மாற்ற வேண்டியதில்லை.

சரி, செய்தி போய்ச் சேர்ந்தால் போதுமா? வேதாரண்யம் கடற்கரை மணலில் ஒரு ட்ரோனை வையுங்கள். கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் அதன் உயரம் ஓரிரு மீட்டர். ஜிபிஎஸ் அடிப்படையாகக் கொள்ளும் கணித உருண்டையிலிருந்து அளந்தால், ஏறத்தாழ மைனஸ் 90 மீட்டர்! நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைவாக உள்ள பெரும்பரப்பு ஒன்று உண்டு. அந்த உருண்டையோடு ஒப்பிட்டால் அங்கே கடல் மட்டமே 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. அந்தச் சரிவில்தான் நம் டெல்டாவும் கிடக்கிறது. இரண்டு எண்ணும் சரியானவைதான். எங்கிருந்து அளந்தது என்பதைத் தரநிலை எழுத்தில் வைக்காவிட்டால், ட்ரோன் காட்டிய இடத்தை வண்டி 90 மீட்டர் மேலேயோ கீழேயோ தேடும். அலகு, வடக்குத் திசை, நேரம் என்று எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு.

அப்புறம், யார் சொல்வதை ரோபோ கேட்பது? வாய்க்கால் தலைப்பில் மதகுப் பலகையை ஏற்றி இறக்குபவர் லஸ்கர். கடைமடைக்காரரும் மேல்மடைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் கத்தினாலும் கை வைப்பது அவர் ஒருவர்தான். ஜாஸும் அப்படியே: ஒரு நேரத்தில் ஒருவரிடமே பிடி இருக்கும், அதிகார எண் கூடியவர் கேட்டால் அவருக்கு மாறும். பிடி வைத்திருப்பவர் குறித்த காலத்துக்குள் மறுபடி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரேடியோ அறுந்து அந்தக் கோரிக்கை வராமல் போனால், பிடி தானாகவே விலகிவிடும். இந்த ஒரு விதிக்காகவே இந்தத் தரநிலையை நான் மதிக்கிறேன். டன் கணக்கில் எடையுள்ள இயந்திரம், கடைசியாகக் கேட்ட ‘40 சதவீதம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆளில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது.