மீடியம் ஃபார்மேட் போர்ட்ரெய்ட் லென்ஸ்: வாங்கும் முன் உங்கள் அறையை அளந்து பாருங்கள்

பெங்களூரில் போர்ட்ரெய்ட் எடுப்பவர்களிடையே மீடியம் ஃபார்மேட் ஆசை, அதாவது வழக்கமான ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிய சென்சார் உள்ள கேமரா மீதான ஆசை, வேகமாகப் பரவி வருகிறது. ஃபுஜிஃபிலிமின் பழைய ஜிஎஃப்எக்ஸ் 50 வரிசை கேமராக்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கத் தொடங்கியதும், ஃபுல் ஃப்ரேமில் கல்யாண வேலை செய்துகொண்டிருந்த பலர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "அண்ணா, 110 எஃப் 2 வாங்கவா, 80 எஃப் 1.7 வாங்கவா?" முன்னால் வருவது மி.மீ.-இல் லென்ஸின் குவியத் தூரம், பின்னால் வருவது லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்லும் எஃப் எண். எஃப் எண் சின்னதாக இருந்தால் பின்னணி கூடுதலாகக் கரையும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. லட்சக்கணக்கில் பணம் போடுகிற இடம் என்பதால், அந்த நம்பிக்கையை முதலில் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

கணக்கு எளிதுதான். லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாயின் விட்டம் கிடைக்கும். 110 எஃப் 2-க்கு அது 55 மி.மீ. 80 எஃப் 1.7-க்கு 47. முகத்துக்கு வெகு தூரத்தில் ஒரு தெருவிளக்கு எரிகிறது என்றால், படத்தில் அது முகத்தின் அளவோடு ஒப்பிடும்போது கிட்டத்தட்ட இந்த விட்டத்துக்கு வட்டமாக விரியும். அதாவது 110-இல் ஐந்தரை சென்டிமீட்டர் வட்டம், 80-இல் ஐந்துக்கும் கொஞ்சம் குறைவு. சின்ன எஃப் எண் உள்ள லென்ஸ்தான் இங்கே குறைவாகக் கரைக்கிறது.

இதே கணக்கை உங்கள் பையில் ஏற்கெனவே இருக்கும் ஃபுல் ஃப்ரேம் 85 எஃப் 1.4-க்குப் போட்டுப் பாருங்கள். 61 மி.மீ. வருகிறது. ஜிஎஃப்எக்ஸின் சென்சார் 43.8-க்கு 32.9 மி.மீ.; ஃபுல் ஃப்ரேம் 36-க்கு 24. இதனால் ஜிஎஃப்எக்ஸ் லென்ஸின் குவியத் தூரத்தை 0.79-ஆல் பெருக்கினால் ஃபுல் ஃப்ரேமில் அதற்கு இணையான பார்வைக் கோணம் தெரிந்துவிடும். 110 அங்கே 87 ஆகிறது, 80 என்பது 63. ஆக, 110-உம் 85-உம் ஏறக்குறைய ஒரே பார்வைதான். பின்னணியைக் கரைப்பதில் 85 எஃப் 1.4 ஒரு படி முன்னாலேயே நிற்கிறது. பின்னணி இன்னும் கரையும் என்பதற்காக மட்டும் மீடியம் ஃபார்மேட்டுக்குப் போகிறவர் ஏமாந்துபோவார். இதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அப்புறம் எதற்குத்தான் போவது? எனக்குத் தெரிந்த காரணம் தோல். நெற்றியிலிருந்து கன்னத்துக்கு வெளிச்சம் இறங்குகிற இடத்தில் நிறம் படிப்படியாக மாறுவது, கறுத்த தோலின் நிழல் பகுதியில் மண்ணும் செம்பும் கலந்த சாயல் அப்படியே நிற்பது, பெரிய பிரிண்ட் போட்டாலும் அது உடையாமல் இருப்பது. நம் மக்களின் நிறத்துக்கு இந்த சென்சார் செய்கிற நியாயம் பெரியது. எஃப் 4-லோ எஃப் 5.6-லோ எடுத்தாலும் இது அப்படியே கிடைக்கும்.

சரி, லென்ஸுக்கு வருவோம். 110-ஆ 80-ஆ என்பதை உங்கள் அறையே முடிவு செய்துவிடும். ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலையும் தோளும் மட்டும் வரும்படி, அதாவது 60 செ.மீ. உயரம் அடங்கும்படி எடுக்க வேண்டுமென்றால் 110-க்குச் சுமார் ஐந்தேகால் அடி தள்ளி நிற்க வேண்டும். 80-க்கு நாலு அடிக்கும் குறைவு. இடுப்பு வரை என்றால் 110-க்கு எட்டு அடி, 80-க்கு ஐந்தே முக்கால். நிற்கிற ஆளை முழுசாக எடுக்க 110-க்குப் பதினேழு அடி, 80-க்குப் பன்னிரண்டு, அதே வரிசையின் 55 எஃப் 1.7-க்கு எட்டரை.

இப்போது ஒரு சாதாரண அபார்ட்மென்ட் ஹாலைப் பாருங்கள். நீளம் பதினாறு அடி என்று வைத்துக்கொள்வோம். ஆளைச் சுவரை விட்டு நாலு அடி முன்னால் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நிழல் சுவரில் அப்பிக்கொள்ளும். நீங்களும் கேமராவும் நிற்க இரண்டு அடி. மிச்சம் பத்து அடிதான். அதற்குள் 110-ஐ வைத்து இடுப்பு வரை எடுக்கலாம், முழு உருவம் நடக்காது. 80-க்கும் இரண்டு அடி போதாது. வீட்டுக்கே போய் எடுக்கிற வேலைதான் உங்களுக்கு அதிகம் என்றால், 110 பாதி நேரம் பையிலேயே கிடக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பின்சுவர் நாலு அடியில் இருக்கும்போது, தலை-தோள் படத்துக்கு இரண்டு லென்ஸும் சுவரை ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் கரைக்கின்றன. 80-ஐ வைத்து நீங்கள் பக்கத்தில் போய்விடுவதால் வருகிற சமன் அது. ஆனால் முகம் மாறிவிடும். நாலு அடிக்குள் போனால் மூக்கு முன்னால் வரும், காது பின்னால் போகும், தாடை ஒடுங்கும். சிலருக்கு இது அழகாகவே இருக்கும். அகன்ற மூக்குள்ளவர்களுக்குச் சங்கடம். முகத்தின் அமைப்பை மாற்றுவது நீங்கள் நிற்கும் தூரம்தான், லென்ஸ் இல்லை. அதனால் தலை-தோள் படம்தான் உங்கள் பிழைப்பு என்றால் தயங்காமல் 110-க்குப் போங்கள்.

எஃப் 2-ஐத் திறந்தே வைத்து எடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 110-இல், ஐந்தேகால் அடியில், எஃப் 2-க்குத் தெளிவு நிற்கும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்தான். பெரிய பிரிண்டில் உற்றுப் பார்த்தால் அதிலும் பாதிகூட இல்லை. அரங்கேற்றத்துக்கு முன்னால் எடுக்கும் படங்களில் இது நன்றாகத் தெரியும். கண் இமையில் ஒவ்வொரு முடியும் எண்ணலாம்; நெற்றிச்சுட்டி பரவாயில்லை; ஜிமிக்கி வெறும் பொன்னிறப் புகை. அந்த நகைகளைத் தேடித் தேடி வாங்கிய அம்மா ஆல்பத்தைப் புரட்டிவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "ஏன் தம்பி, ஜிமிக்கி மங்கலா இருக்கு?" அது நியாயமான கேள்வி. எஃப் 5.6-க்குப் போனால் ஆழம் எட்டு சென்டிமீட்டரைத் தாண்டும், கல்லும் முத்தும் தெரிய ஆரம்பிக்கும். முகத்தை முக்கால் பக்கம் திருப்பி வைத்தால் எஃப் 2-இல் தூரத்துக் கண் மங்கிவிடும்; எஃப் 4-க்கு இறக்கினால் இரண்டு கண்ணும் பிழைத்துக்கொள்ளும். என் வேலையில் எஃப் 2 வெளிச்சம் போதாத நேரத்துக்கும், ஒரு கண் மட்டும் போதும் என்ற படத்துக்கும்தான்.

ஃபோகஸ் வேகத்தில் இரண்டுக்கும் நிஜமான வித்தியாசம் உண்டு. 110-இல் இருப்பது லீனியர் மோட்டார். சத்தமில்லை, சட்டென்று பிடிக்கும். 80-இல் பழைய பாணி டிசி மோட்டார். கனமான கண்ணாடித் தொகுதியைத் தள்ளுவதால் தயங்கும், சத்தமும் கேட்கும். உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குப் பிரச்சினை இல்லை. ஓடுகிற குழந்தைக்கு நான் 80-ஐச் சிபாரிசு செய்ய மாட்டேன். எடையில் 80 லேசு, 795 கிராம். 110 ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும்.

வெளியே, கப்பன் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே எடுப்பவர்களுக்கு வேறு கணக்கு. இலை இடுக்கு வழியே வரும் வானம் பின்னணியில் வட்டம் வட்டமாக விழும். எஃப் 2-இல் ஓரத்து வட்டங்கள் நசுங்கி மாவடு மாதிரி ஆகிவிடும், எஃப் 2.8-இல் உருண்டையாகும். நிழலை விட்டு உச்சி வெயிலுக்கு வந்தால், ஐஎஸ்ஓ 100, எஃப் 2-க்கு 6400-இல் ஒரு பங்கு விநாடி தேவை. ஜிஎஃப்எக்ஸ் 100எஸ்-இன் மெக்கானிக்கல் ஷட்டர் 4000-இல் ஒரு பங்கோடு நின்றுவிடும். ஃப்ளாஷ் சேர்த்தால் சாதாரண சிங்க் வேகம், அதாவது ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம், 125-இல் ஒரு பங்குதான், எனவே சாதாரண சிங்கில் ஒளியைக் குறைக்கும் கறுப்பு என்டி ஃபில்டர் இல்லாமல் முடியாது. இன்னொரு மீடியம் ஃபார்மேட் நிறுவனமான ஹாசல்பிளாட்டின் எக்ஸ்சிடி லென்ஸ்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அவற்றில் ஒன்றான 90 வி எஃப் 2.5-இல் 4000-இல் ஒரு பங்கு வரை எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் ஒத்துப்போகும், எடையும் 551 கிராம்தான். பகலில் ஃப்ளாஷோடு வெளியே எடுப்பதே தொழில் என்றால், எஃப் எண் பெரிதாக இருந்தாலும் அதுதான் வசதி. ஆனால் லென்ஸுக்காகக் கேமராவையே மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறவர்களுக்கு, பழைய ஃபிலிம் கேமராவான மமியா 645-இன் 80 எஃப் 1.9 நல்ல வழி. ஒளி வாயைத் திறந்து மூடும் அபெர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருப்பதால், அதை ஜிஎஃப்எக்ஸில் மாட்ட சாதா அடாப்டர் போதும். ஃபோகஸ் கையால்தான். திறந்து வைத்தால் ஒளி மெல்லக் கசிகிற ஒரு மென்மை வரும், வயதானவர்களின் முகத்துக்கு அது பிடித்துப்போகும். கான்டாக்ஸ் 645-இன் 80 எஃப் 2 அருமையான லென்ஸ், ஆனால் அதன் அபெர்ச்சர் மின்சாரத்தில் இயங்குவது, எனவே விலை கூடிய அடாப்டர் வேண்டும். லென்ஸ் விலையை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது மொபைல் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. மழைக்காலம் முழுக்கப் பையில் அடைந்து கிடந்த லென்ஸ்களில் சகஜம். விலை குறைத்தாலும் வேண்டாம். பால் போல மங்கல் தெரிந்தாலும் அப்படியே. பிறகு ஒரு செங்கல் சுவரை நேராக, எஃப் 2-இல் எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. ஜிஎஸ்டி பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுவந்தது என்றால் இங்கே வாரன்டி கேட்டுப் போகும்போது திருப்பி அனுப்பப்படலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் அதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டையும் முன்பணமும் கொடுத்தால் நம் ஊரில் 110-உம் 80-உம் இரண்டுமே கிடைக்கும். பூங்காவில் நண்பரை நிறுத்தி எடுத்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் அந்த ஹாலிலேயே, அதே விளக்கிலேயே, எஃப் 2, 2.8, 4, 5.6 என்று ஒவ்வொன்றிலும் ஒரே முகத்தை எடுங்கள். நீங்கள் வழக்கமாகப் போடுகிற அளவில் பிரிண்ட் எடுத்து, எந்தப் படத்தை வாடிக்கையாளர் கையில் எடுக்கிறார் என்று பாருங்கள்.