பத்து சதவீதத்தைத் தொட்டால் மட்டும் போதாது

இங்கிலாந்தில் முதல் வீடு வாங்க என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என் சம்பளத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்றுதான். பல வங்கிகள் ஆண்டு வருமானத்தில் நாலரை மடங்கு அளவுக்குக் கொடுக்கும். அந்தக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். ஆட்களைத் தூங்கவிடாமல் செய்வது டெபாசிட், அதாவது வீட்டு விலையில் நாம் கையிலிருந்து போட வேண்டிய முன்பணம்.

மோர்ட்கேஜ் (வீட்டுக்கடன்) வட்டி படிப்படியாக இருக்கும். வீட்டு மதிப்பில் 95 சதவீதம் கடன் வாங்கினால் வட்டி அதிகம். 90, 85, 80, 75 என்று இறங்க இறங்க வட்டியும் குறையும், 60-க்குக் கீழே போனால் பெரிதாக லாபம் இல்லை. இரண்டு படிக்கு நடுவில் நின்றால் மேல்படி வட்டிதான். 300,000 பவுண்டு வீட்டுக்கு 29,000 போட்டால் கடன் 90 சதவீதத்தை மயிரிழையில் தாண்டுகிறது. ஆயிரம் பவுண்டு குறைந்ததற்காக 95 சதவீதக்காரர் கட்டும் வட்டியைக் கட்ட வேண்டி வரும்.

இதைத் தெரிந்துகொண்டதும் பலர் கையிலுள்ள கடைசிக் காசு வரை வழித்தெடுத்து, சரியாக 30,000 சேர்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது.

ஏனென்றால் நீங்களும் விற்பவரும் பேசி முடித்த விலை வேறு, வங்கியின் வேல்யூவர் (வீட்டை மதிப்பிடுபவர்) போடும் மதிப்பு வேறு. இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் வங்கி கணக்குப் பார்க்கும். வேல்யூவர் வீட்டுக்குள் அதிக நேரம் இருக்கமாட்டார். சில சமயம் வரவே மாட்டார், கம்ப்யூட்டரிலேயே வேலை முடிந்துவிடும். ஏஜென்ட் பெருமையாகக் காட்டிய புதுக் கிச்சனை அவர் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் இதே அளவு வீடு அண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதே அவருக்கு முக்கியம். ஃபிளாட் என்றால் லீஸில் (குத்தகையில்) எத்தனை வருடம் மிச்சம், கட்டடத்தின் கிளாடிங் (வெளிச்சுவர்மேல் பதித்த உறை) எப்படி, கீழே கடை இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்.

சரி, அவர் 285,000 என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 சதவீதம் 256,500. விற்பவர் 300,000-க்கு ஒரு பைசா குறைக்கமாட்டேன் என்றால் உங்கள் கையிலிருந்து 43,500 வர வேண்டும். துண்டு விழுவது 13,500. அதைத் திரட்ட முடியாவிட்டால் பழையபடி 270,000 கடன் கேட்கலாம். ஆனால் புது மதிப்பில் அது கிட்டத்தட்ட 95 சதவீதம், அதாவது நீங்கள் தப்பிக்கப் பார்த்த அதே வட்டி. மூன்றாவது வழி பேரம். விற்பவர் 292,500-க்கு இறங்கி வந்தால் கூடுதலாகத் தேவைப்படுவது 6,000 மட்டுமே. அடுத்து வாங்க வருபவரின் வங்கியும் இதே மதிப்பைப் போடலாம் என்று ஏஜென்டுக்குத் தெரியும், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். மதிப்பே தவறு என்று தோன்றினால், பக்கத்தில் சமீபத்தில் விற்ற ஒத்த வீடுகளின் விவரத்தோடு முறையிடலாம். ஆனால் மாறுவது அபூர்வம்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். இரண்டு வாரத்துக்குள் பணம் வேண்டும் என்றதும் சீட்டை எடுப்பார்கள், மாமாவிடம் கைமாற்று வாங்குவார்கள். கணக்கில் திடீரென்று விழும் தொகை எங்கிருந்து வந்தது என்று வங்கியும் சொலிசிட்டரும் (வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வக்கீல்) கேட்பார்கள். "சீட்டு எடுத்தேன்" என்றால் அதற்குத் தாள் எங்கே? அப்பா அம்மா கொடுக்கும் பணம் என்றால், திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் பங்கு கேட்கமாட்டோம் என்று அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பிக் கொடுக்கப்போகும் கடனை அன்பளிப்பு என்று எழுதித் தருவது பொய்யான வாக்குமூலம், அதற்கு நான் துணை போவதில்லை. சீட்டுக்காசை டெபாசிட்டில் சேர்ப்பதாக இருந்தால், வீடு தேடத் தொடங்கும் முன்பே எடுத்து, மாதாமாதம் கட்டிய விவரத்தோடு கணக்கில் போட்டு வையுங்கள்.

அப்புறம், வங்கியின் வேல்யூவேஷன் வங்கிக்காகச் செய்வது. கூரை ஒழுகுகிறதா, சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று அது உங்களுக்குச் சொல்லாது. அதற்கு நீங்களே ஒரு சர்வே எடுக்க வேண்டும். அந்தச் செலவு, சொலிசிட்டர் கட்டணம், 2025 ஏப்ரலிலிருந்து முதல் வீட்டுக்கு 300,000-க்கு மேல் போகும் தொகைக்கு 5 சதவீத ஸ்டாம்ப் டியூட்டி (முதல் வீட்டுக்கான இந்தச் சலுகை, வீட்டு விலை 500,000-ஐத் தாண்டினால் கிடையாது) எல்லாமே டெபாசிட்டுக்கு வெளியே எடுத்து வைக்க வேண்டிய பணம்.